மகனுக்கு கிரோன்ஸ், 18 ஆகப்போகிறது: குழந்தைகள் டாக்டரிடமிருந்து பெரியவர்கள் டாக்டருக்கு எப்படி மாறினீர்கள்?

வைகைக்கரை (மதுரை)

எல்லாருக்கும் வணக்கம். என் மகனுக்கு 17 வயது, ப்ளஸ் டூ படிக்கிறான். 10 வயதில் கிரோன்ஸ் (குடலில் நாள்பட்ட அழற்சி நோய்) என்று உறுதியானது. அதற்கு முன்னால் வயிற்று டிபி என்று ஆறு மாதம் டிபி மாத்திரை கொடுத்தார்கள். குடல் டிபியும் கிரோன்ஸும் ஸ்கோப்பில் (குழாய்க் கேமராவில்) பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் நம் நாட்டில் இது நிறையப் பேருக்கு நடப்பதுதான், அதில் எனக்கு யார்மேலும் மனக்குறை இல்லை. இப்போது 8 வாரத்துக்கு ஒரு முறை இன்ஃப்ளிக்ஸிமாப் ட்ரிப்ஸ், தினமும் அசதயோப்ரின் மாத்திரை. வயிறு அமைதியாக இருக்கிறது, எடையும் ஏறியிருக்கிறது.

போன தடவை எங்கள் டாக்டர், “18 முடிஞ்சா இங்க பார்க்க முடியாதும்மா, பெரியவங்களைப் பார்க்கிற கேஸ்ட்ரோவுக்கு (குடல் டாக்டருக்கு) லெட்டர் எழுதித் தர்றேன்” என்று சொல்லிவிட்டார். அவன் எலும்பும் தோலுமாக இருந்த நாளிலிருந்து பார்த்து வருபவர். அவரை விட்டுப் போக வேண்டும் என்பதே எனக்கு இன்னும் மனதில் ஏறவில்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று. “ஒரு நாளைக்கு எத்தனை தடவை மோஷன் போறே?” என்று டாக்டர் கேட்டால் அவன் என் முகத்தைப் பார்ப்பான், நான்தான் பதில் சொல்வேன். மாத்திரை பெயர், மில்லிகிராம், எப்போது ரத்தம் கொடுத்தோம் எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது. ஜூனில் கல்லூரி, அநேகமாக வெளியூர் ஹாஸ்டல். இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். எப்போது மாறினீர்கள், எதையெல்லாம் கையோடு வாங்கிக்கொண்டீர்கள்?

வார்டு_சிஸ்டர் (சென்னை)

அம்மா, நான் குழந்தைகள் மருத்துவமனையில் குடல், கல்லீரல் பிரிவில் நர்ஸ். லெட்டர் கைக்கு வந்துவிட்டாலே மாறியாகிவிட்டது என்று நினைக்கிற வீடுகளில்தான் சிக்கல் வருகிறது. எங்களிடம் கடைசி ட்ரிப்ஸ் போட்டுக்கொண்டு போவார்கள். புது டாக்டரிடம் “பரீட்சை முடியட்டும், அட்மிஷன் முடியட்டும்” என்று தள்ளிப்போடுவார்கள். பையன் நன்றாகத்தானே இருக்கிறான் என்று தோன்றும். இன்ஃப்ளிக்ஸிமாப் அப்படி விட்டுவிட்டுப் போடுகிற மருந்து இல்லை. இடைவெளி நீண்டால் உடம்பு அந்த மருந்துக்கே எதிர்ப்புரதம் உண்டாக்கிக்கொள்ளும். மறுபடி ஏற்றும்போது ஒவ்வாமை வரலாம், இல்லையென்றால் மருந்து வேலை செய்யாமலே போகலாம். அதனால் உங்கள் டாக்டரிடம் கடைசி ட்ரிப்ஸ் போடுவதற்கு முன்பே அடுத்த இடத்தில் முதல் ஓ.பி. தேதி வாங்கிவிடுங்கள். அந்த முதல் பார்வை முடியும்வரை அவசரத்துக்குப் பழைய இடத்தையே கூப்பிடலாமா என்று வாய்விட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த டாக்டரும் மறுக்க மாட்டார்.

காகிதம் பற்றி. பெரிய ஃபைலை அப்படியே கொண்டுபோய் மேசைமேல் வைத்தால் நெரிசலான ஓ.பி.யில் யாராலும் புரட்ட முடியாது. ஒரே பக்கத்தில் சுருக்கம் கேளுங்கள். நோய் எப்போது தெரிந்தது, சிறுகுடல் கடைசிப் பகுதியா பெருங்குடலா, ஆசனவாயைச் சுற்றிப் புண் இருந்ததா, டிபி மருந்து எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எதனால் நிறுத்தினார்கள், கடைசி ஸ்கோப், கடைசி எம்.ஆர்.ஐ., கடைசி கால்ப்ரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் மலப் பரிசோதனை) அளவு, போட்ட தடுப்பூசிகள். எந்த மருந்து *ஏன் நிறுத்தப்பட்டது* என்பதுதான் பெரும்பாலும் விட்டுப்போகும். அது இல்லாவிட்டால் புது இடத்தில் அதே மருந்தை மறுபடி ஆரம்பிப்பார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டோடு ஸ்லைடும் பிளாக்கும் (எடுத்த சதைத் துண்டு) பேத்தாலஜியில் இருக்கும், தேவைப்பட்டால் எழுதிக் கொடுத்து வாங்கலாம்.

நெல்லை_மகிழ் (திருநெல்வேலி)

எனக்கு 24 வயசு. அல்சரேட்டிவ் கொலைடிஸ் (பெருங்குடல்ல வர்ற அழற்சி நோய்), 13 வயசுல வந்தது. 18ல மாறினேன்.

வித்தியாசம் நிறைய இருக்குங்க. குழந்தைகள் டாக்டர் அரை மணி நேரம் பேசுவார், ஸ்கூல் எப்படிப் போகுது, என்ன சாப்பிடுறேன்னு கேட்பார். பெரியவங்க ஓ.பி.யில நேரம் கம்மி. பக்கத்துல அறுபது வயசு ஈரல் நோயாளி உட்கார்ந்திருப்பார். டாக்டர் நேரா நம்மளைப் பார்த்துத்தான் கேட்பார்: ரத்தம் போகுதா, ராத்திரி எழுந்திருக்க வேண்டியிருக்கா, சிகரெட் உண்டா, குடி உண்டா. யாரும் கோபமா கேட்கல, ஆனா அந்த நேரடித்தன்மைக்கு மனசு பழகணும். முன்னாடி ஸ்கோப்புக்கு முழு மயக்கம் கொடுத்தாங்க. இங்க பெரும்பாலும் லேசான தூக்க மருந்துதான். இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை போகும்போது கடைசி அஞ்சு நிமிஷம் நீங்க வெளியில உட்காருங்க. எனக்கு சல்ஃபசலசின் கொடுத்திருந்தாங்க. அது ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும், மருந்தை நிறுத்தினா திரும்ப வந்துடும். இது அம்மா பக்கத்துல இருந்த வரைக்கும் எனக்குத் தெரியாது. அவங்க இருக்கும்போது டாக்டரும் சொல்லல, எனக்கும் கேட்க வாய் வரல. உங்க மகனுக்குள்ள என்ன கேள்வி இருக்குன்னு உங்களுக்குத் தெரிய வழியே இல்லைம்மா.

வடசென்னை_அப்பா (சென்னை)

தம்பி சொல்றது எனக்கு ஒப்பல. மன்னிக்கணும்.

மொதல்ல ஒண்ணு. 18 வயசுன்னு பேசுறீங்களே, அது பிரைவேட்ல. அரசு ஆஸ்பத்திரியில பெரும்பாலும் குழந்தைகள் பிரிவு 12 வயசோட முடிஞ்சுபோகும். என் பொண்ணுக்கு 13 நடக்குது, கிரோன்ஸ். இப்பவே பெரியவங்க கேஸ்ட்ரோ ஓ.பி.தான். போன மாசம் பெண்கள் வார்டுல சேர்த்தோம். பக்கத்துப் பெட்டுல ஒரு பாட்டியம்மா, எதிர்ல கணையத்துல கல்லுன்னு ஒருத்தங்க. பொண்ணு போர்வையை முகத்துக்கு மேல இழுத்துப் படுத்துக்கிச்சு. வைத்தியத்துல குறை சொல்ல மாட்டேன், நல்லாத்தான் பார்க்குறாங்க. ஆனா அவ இன்னும் குழந்தைங்க.

ரெண்டாவது, பெத்தவங்களை வெளியில போகச் சொல்றது. நம்ம வீட்டுல 25 வயசுலயும் கூட ஒரு ஆள் போவோம். மருந்து வாங்குறது நாங்க, சமைச்சுப் போடுறது நாங்க, ராத்திரி வயித்து வலின்னா ஆட்டோ பிடிக்கிறது நாங்க. வெள்ளைக்காரன் ஊர்ல 18 ஆனா தனியாப் போயிடுவாங்க, அவங்களுக்கு அது சரி. பொம்பளப் பிள்ளையைத் தனியா டாக்டர்கிட்ட விட்டு வெளியில உட்கார எனக்கு மனசு வராது.

கேஸ்ட்ரோ_கோவை (கோயம்புத்தூர்)

நான் பெரியவர்களைப் பார்க்கும் குடல் மருத்துவர். வடசென்னை அப்பா சொன்னதில் பாதி முழு உண்மை. 12 வயதில் மாற்றுவது இந்த நோய்க்குப் பொருந்தாத வயது. இதில் குடும்பத்தின் தவறு எதுவும் இல்லை, அமைப்பு அப்படி இருக்கிறது. இங்கிலாந்தில் நைஸ் அமைப்பு 2016ல் வெளியிட்ட வழிகாட்டி, மாற்றத்துக்கான *தயாரிப்பையே* 13, 14 வயதில் தொடங்கச் சொல்கிறது. மாற்றம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. மாறுவதற்கு முன்பே பெரியவர்கள் பிரிவிலிருந்து ஒருவர் பிள்ளையைச் சந்தித்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. நம் ஊரில் 12 வயதில் கதவு மூடி, மறு கதவு திறக்கிறது. நடுவில் யாருமில்லை.

இரண்டு பக்கத்து டாக்டர்களும் பார்ப்பது ஒரே நோயை என்றாலும் கண் போகிற இடம் வேறு. குழந்தைகள் டாக்டர் உயரம், எடை, பருவமடைதல், பள்ளி இவற்றை விடாமல் பார்ப்பார். எங்களுக்கு உயரம் அளக்கிற பழக்கமே இல்லை. கிரோன்ஸ் வந்த பல பிள்ளைகளை ஆறேழு வாரம் வெறும் ஊட்டச்சத்துப் பானத்திலேயே வைத்து, ஸ்டீராய்டு இல்லாமல் அடக்குவது குழந்தைகள் பிரிவில் முதல் வைத்தியம். பெரியவர்கள் பிரிவில் அதை அரிதாகத்தான் செய்கிறோம். வளரும் வயதில் இருக்கிற பிள்ளைக்கு அது தெரிந்த டாக்டர் வேண்டும்.

மறுபக்கம், நாங்கள் பார்த்து அவர்கள் பார்க்காதது ஒன்று உண்டு. பெருங்குடலில் நோய் இருப்பவர்களுக்கு, நோய் தொடங்கி சுமார் 8 ஆண்டுகள் ஆனதும் புற்றுநோய்க் கண்காணிப்புக்கான கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டும். நோய் அடங்கியிருந்தாலும் வேண்டும். பித்தக்குழாய் அழற்சியும் சேர்ந்து இருந்தால் எட்டு ஆண்டு காத்திருக்காமல் அப்போதே தொடங்கி ஆண்டுதோறும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 வயதில் வந்த பிள்ளைக்கு எட்டாவது ஆண்டு எப்போது? 18ல். கை மாறுகிற அதே ஆண்டில். பழைய டாக்டர் “அங்கே செய்வார்கள்” என்று விட்டிருப்பார். புது டாக்டர் முன்னால் ஒரு இளைஞன் நலமாக உட்கார்ந்திருப்பான், நோய் இப்போதுதான் வந்ததுபோலத் தெரியும். குழந்தைப் பருவத்தில் வருகிற கொலைடிஸ் பெருங்குடல் முழுவதும் பரவியிருப்பதும் அதிகம். ஆகவே சுருக்கத்தின் முதல் வரியில் நோய் தொடங்கிய ஆண்டு இருக்கட்டும்.

வைகைக்கரை அம்மாவுக்குத் தனியாக: இன்ஃப்ளிக்ஸிமாபும் அசதயோப்ரினும் சேர்ந்து நீண்ட காலம் எடுக்கிற இளம் ஆண்களில் மிக மிக அரிதாக ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் பதிவாகியிருக்கிறது. அதனால் புது டாக்டர் அசதயோப்ரினை நிறுத்தலாமா என்று யோசிக்கலாம். பழைய டாக்டர் தவறாகக் கொடுத்தார் என்று அதற்கு அர்த்தமில்லை. ஏன் தொடங்கினார் என்ற காரணமும் கடிதத்தில் இருந்தால் முடிவெடுப்பது எளிது. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

பெற்றோரை வெளியே அனுப்புவது பற்றி. முழு நேரமும் இல்லை, சில நிமிடங்கள். பெண் பிள்ளை என்றால் பெண் மருத்துவரோ நர்ஸோ உடன் இருப்பார். 18 ஆனதும் ஸ்கோப்புக்கும் ஆபரேஷனுக்கும் சட்டப்படி அவர்களேதான் கையெழுத்திட வேண்டும். எதற்குக் கையெழுத்து என்று தெரியாத பிள்ளையிடம் பேனாவைக் கொடுக்க எனக்கு மனமில்லை. அந்தச் சில நிமிடங்கள் அதற்கான பயிற்சி.

நேரம்: நோய் அமைதியாக இருக்கும்போது மாறுங்கள். நோய் கிளம்பியிருக்கும்போதும், பொதுத்தேர்வு நேரத்திலும் வேண்டாம்.

ஸ்காபரோ_அக்கா (ரொறன்ரோ)

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப ஸ்காபரோவில இருக்கிறன். மகளுக்கு 11 வயசில கிரோன்ஸ். சிக்கிட்ஸ் எண்டு இஞ்ச இருக்கிற பிள்ளையள் ஆஸ்பத்திரியிலதான் பாத்தது. 18 எண்டா அங்கயிருந்து வெளிக்கிட வேணும், அதில மாற்றம் இல்ல.

ஆனா அதுக்கு ஆயத்தப்படுத்த அங்க ‘குட் டு கோ’ எண்டு ஒரு திட்டம் இருக்கு. அதில ரெண்டு விசயம் எனக்கு நல்லாப் பிடிச்சது. ஒண்டு, வருத்தம், மருந்து, ஒவ்வாமை எல்லாம் எழுதின சின்ன அட்டை, பேர்சுக்குள்ள வைக்கலாம். மற்றது மூண்டு வசனம். பிள்ளை தன்னைப் பற்றித் தானே மூண்டு வசனத்தில சொல்லப் பழக வேணும். முதல் வசனம்: எனக்கு எத்தினை வயசு, என்ன வருத்தம், இதுவரை என்ன நடந்தது. ரெண்டாவது: இப்ப என்ன வைத்தியம். மூண்டாவது: இண்டைக்கு நான் என்ன கேக்க வந்தனான். மகள் கண்ணாடிக்கு முன்னால நிண்டு சொல்லிப் பழகினவா. தெரியாத ஊரில அவசரப் பிரிவுக்குப் போனாலும் அந்த மூண்டு வசனம் போதும்.

எங்கட வீட்டில நிலைமை உங்கட வீட்டுக்கு மறுபக்கம். எனக்கும் இவருக்கும் இங்கிலிஸ் மட்டுமட்டு. மகள்தான் சின்னனில இருந்து டொக்டர் சொல்லுறதை எங்களுக்குச் சொல்லுறவா. 12 வயசுப் பிள்ளை தன்ர வருத்தத்தைத் தானே மொழிபெயர்த்து, எங்களுக்குப் பயம் வராத மாதிரி பாதியை விழுங்கிப்போட்டுச் சொல்லுவா. பிறகு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தாப் பிறகுதான் எனக்கு முழுக்க விளங்கினது. வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் ஆஸ்பத்திரியில மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ, கேக்கிறது உங்கட உரிமை. பிள்ளையைச் சுமக்க விடாதேங்கோ.

இது எங்கட ஆக்களுக்கு வராத வருத்தம் எண்டு சிலர் இன்னும் சொல்லுறவை. ஒன்ராறியோவில செய்த ஆய்வில, தெற்காசியாவில இருந்து வந்த ஆக்களுக்கு இஞ்ச பிறந்த பிள்ளையளுக்கு மற்றக் கனடியப் பிள்ளையள் அளவுக்கே இது வருகுது எண்டு கண்டிருக்கினம்.

கோதுமையில்லா_வீடு (ஓசூர்)

எங்கள் மகளுக்கு சீலியாக், அதாவது கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஆகாது. இதில் மருந்து இல்லாததால் 18க்குப் பிறகு யாரும் கூப்பிட்டு விசாரிப்பதே இல்லை. நாமாகத்தான் ஆண்டுக்கு ஒரு முறை டிடிஜி ரத்தப் பரிசோதனைக்கு (சீலியாக் அடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது) போக வேண்டும். இரும்புச்சத்து, வைட்டமின் டி அளவும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹாஸ்டலில் சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியாவை அவளே ஒதுக்கிவிடுவாள். கண்ணில் படாதது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அது சாம்பாரிலும் ரசத்திலும் போகும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்க மகளுக்கு இப்போதே பழக்குகிறோம்.

வைகைக்கரை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்காபரோ அக்கா சொன்ன மூன்று வசனத்தை நேற்று இரவு அவனிடம் கேட்டேன். முதலில் முறைத்தான். பிறகு சொன்னான்: “எனக்கு 17 வயசு, 10 வயசுல கிரோன்ஸ் வந்துச்சு, சிறுகுடல் கடைசிலயும் பெருங்குடல்லயும். எட்டு வாரத்துக்கு ஒரு தடவை இன்ஃப்ளிக்ஸிமாப், தினம் அசதயோப்ரின்.” மூன்றாவது வசனம் என்னடா என்றதும், “அதை டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன்” என்றான். நான் மேலே கேட்கவில்லை. அடுத்த முறை வெளியில் உட்காருவதாக முடிவு செய்துவிட்டேன்.

ஹாஸ்டல் பற்றி யாராவது சொல்லுங்கள். அவன் தனியாக இருக்கும்போது அவசியம் தெரிந்திருக்க வேண்டியது என்ன?

வார்டு_சிஸ்டர்

காய்ச்சல்தான் முதலில். இந்த இரண்டு மருந்தும் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. காய்ச்சல் வந்தால் ஹாஸ்டல் மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்ளக் கூடாது, அன்றைக்கே டாக்டரைப் பார்த்து என்னென்ன மருந்து எடுக்கிறான் என்று சொல்ல வேண்டும். அறையில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் உடனே போன் செய்ய வேண்டும். கேம்பஸில் தடுப்பூசி முகாம் என்றால் அது உயிருள்ள கிருமி ஊசியா என்று கேட்காமல் கை நீட்டக் கூடாது. தட்டம்மை, சின்னம்மை ஊசிகள் அந்த வகை. தலைவலி, கால்வலிக்கு பாரசிட்டமால் போடலாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் குடல் நோயைக் கிளப்பிவிடலாம்.

அசதயோப்ரின் எடுக்கிறவரை ரத்த அணுக்கள் பரிசோதனை குறித்த தேதியில் நடக்க வேண்டும். சிலருக்கு மரபணு காரணமாக வெள்ளணு சட்டென்று இறங்கும், அந்த மரபணு வகை ஐரோப்பியர்களைவிட ஆசியர்களில் அதிகம். இனி அந்தத் தேதி உங்கள் போனில் வேண்டாம், அவன் போனில் அலாரமாக இருக்கட்டும். சீட்டைக் காட்டி மருந்து வாங்குவது, லேபில் ரிப்போர்ட் வாங்குவது, ஓ.பி.க்குப் போன் போட்டுத் தேதி கேட்பது, இதை ஒவ்வொன்றாக இப்போதே அவன் கைக்கு மாற்றுங்கள். ஜூனில் மொத்தமாகக் கொடுத்தால் தாங்க மாட்டான். சிகரெட் கிரோன்ஸை மோசமாக்கும், ஆபரேஷன்வரை இழுத்துக்கொண்டு போகும். அதை நீங்கள் சொல்வதைவிட டாக்டர் சொன்னால் கேட்பான்.

நெல்லை_மகிழ்

இன்சூரன்ஸ் பத்தி ஒரு விஷயம். உங்க குடும்பப் பாலிசியில மகன் எந்த வயசு வரைக்கும் இருக்கலாம்னு இப்பவே பாருங்க. தனியாப் புதுசா எடுத்தா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024ல அதை அதிகபட்சம் மூணு வருஷம்னு குறைச்சிருக்காங்க. நோயை மறைச்சு மட்டும் எடுக்காதீங்க, க்ளைம் நேரத்துல மொத்தமும் போயிடும். மாற்றுத்திறன் சான்றிதழ் கிடைக்குமான்னு நிறையப் பேர் கேட்கிறாங்க. 2016 சட்டத்தோட 21 வகையில குடலழற்சி நோய் இல்ல. ஆனா பரீட்சை ஹால்ல பாத்ரூம் போக அனுமதின்னு டாக்டர் கடிதம் கொடுத்தா பெரும்பாலும் ஏத்துக்குவாங்க, எனக்கு ஏத்துக்கிட்டாங்க.

வடசென்னை_அப்பா

எல்லாம் படிச்சேன். டாக்டர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. என் பொண்ணுக்கு வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் கொடுக்கிறாங்க. 13 வயசுப் பிள்ளைக்குத் தனியா என்னங்க தெரிஞ்சிருக்கணும்?

கேஸ்ட்ரோ_கோவை

முதலில், அது வாரத்துக்கு *ஒரு நாள்* மருந்து என்பது அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். தவறிப்போய் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அவள் வாயால் சொல்லட்டும். ஃபோலிக் ஆசிட் ஏன் கூடவே தருகிறார்கள் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று, இப்போது கூச்சமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும். பிற்காலத்தில் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது குறைந்தது மூன்று மாதம் முன்பே, டாக்டரிடம் பேசி, மாற்று மருந்துக்குப் போக வேண்டும். திருமணமாகி வேறு வீடு போகும்போது இது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்திருந்தால் பயனில்லை. நோய் அடங்கியிருக்கும் பெண்களில் பெரும்பாலோர் நல்லபடியாகக் குழந்தை பெறுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பயம் மட்டும் அவள் மனதில் தங்கக் கூடாது.

வடசென்னை_அப்பா

புரியுதுங்க. அவ அம்மா கூட உள்ள இருக்கட்டும், நான் வெளியில உட்கார்ந்துக்கிறேன். முழுசாத் தனியா விடுறது இன்னும் கொஞ்ச வருஷம் போகட்டும். வர்ற செவ்வாய்க்கிழமை ஓ.பி. இருக்கு. உயரம் அளக்க மாட்டோம்னு சொன்னீங்களே, அதுக்கு நான் என்ன கேட்கணும்?

கேஸ்ட்ரோ_கோவை

தாராளமாக அப்படியே செய்யுங்கள். முன்பு பார்த்த குழந்தைகள் பிரிவில் அவளுடைய உயரம், எடை வரைபடத்தின் நகல் வாங்குங்கள். வீட்டிலேயே மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுவரோரம் நிற்கவைத்து அளந்து அதே தாளில் தேதியோடு குறியுங்கள். செவ்வாய்க்கிழமை அதைக் காட்டி, “கடைசி ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள், போதுமா?” என்று கேளுங்கள். வயதுக்கு வந்துவிட்டாளா இல்லையா என்பதை அவள் அம்மா சொல்லட்டும், இரண்டையும் சேர்த்துத்தான் கணிக்க முடியும். வளர்ச்சி பின்தங்கியிருப்பதாகப் பட்டால் எலும்பு வயது பார்க்க இடது கை மணிக்கட்டில் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். அதைத் தள்ளிப்போடாமல் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.